கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அமானிதம்

 

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்காவது அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. கொழும்புக்கு வருகின்ற குடும்பங்களில் பல தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போகின்றன. அங்கே மீன்கள் வைக்கப்பட்டிருக்கும் பகுதிக்குள் நுழைந்ததும் சின்னஞ்சிறுசுகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கொண்டு நின்று விடுவார்கள். "உம்மா, இதுகளுக்கு யார் சாப்பாடு கொடுக்கிறது? கேட்டை மூடினதுக்குப் பிறகு யார் பார்த்துக் கொள்கிறது?" என்று கேட்பார்கள். நாமோ, "வாங்க மகன், பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு வந்து விடுகிறோம்.

ஆனால் அந்தக் கேள்வி சிறிய கேள்வியல்ல. அதற்குள் மார்க்கத்தின் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு பூனையைக் கட்டி வைத்து, அதற்கு உணவும் கொடுக்காமல், பூமியிலுள்ள புழு பூச்சிகளைத் தானே தேடித் தின்னும்படி அவிழ்த்தும் விடாமல் சாகடித்த ஒரு பெண், அதன் காரணமாகவே நரகம் புகுந்தாள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் அது. அந்தப் பெண்ணுக்கு முன்னால் இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. ஒன்று, வைத்திருப்பதென்றால் உணவளிப்பது. மற்றது, முடியாதென்றால் விட்டு விடுவது. அவள் இரண்டையும் மூடினாள்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக் கொண்டு, உலகில் பேர் பெற்ற ஒரு மீன் காட்சிச்சாலையின் பின்புறத்தை இன்று சுற்றிப் பார்ப்போம். முன்பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். நாம் பின்வாசலால் நுழைவோம், வாருங்கள்.

டின் மீன் செய்த இடம்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தில், சன் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து தெற்கே சுமார் இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் மொன்டெரே என்னும் சிறிய கடலோர நகரம் இருக்கின்றது. கோடை காலத்தில்கூட அங்கே காலையில் மூடுபனி இறங்கி நிற்கும். கடல் நீர் நம் நாட்டுக் கடலைப் போல வெதுவெதுப்பானதல்ல. கால் வைத்தால் விறைத்துப் போகும் குளிர். கரைக்குச் சமீபமாகவே கடலுக்கடியில் மூன்று கிலோ மீற்றருக்கும் அதிக ஆழத்துக்கு இறங்குகின்ற ஒரு பெரும் பள்ளத்தாக்கு உண்டு. நம் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதை நீங்கள் அறிந்திருக்கக் கூடும். ஆழத்திலிருந்து மேலேறி வரும் சத்துள்ள குளிர் நீரால் மொன்டெரே குடா உயிரினங்கள் நிறைந்த கடலாக இருக்கின்றது.

ஒரு காலத்தில் இந்த நகரத்தின் பெயர் சாளை மீனோடு சேர்த்தே பேசப்பட்டது. நாம் கடையில் வாங்குகிறோமே டின் மீன், அதைச் செய்யும் ஆலைகள் கடலோரத் தெரு நெடுகிலும் வரிசையாக இருந்தன. நோர்வே நாட்டவரான நுட் ஹொவ்டன் 1916 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலையும் அவற்றில் ஒன்று. இரவு பகலாகப் பிடித்தார்கள், வெட்டினார்கள், அடைத்தார்கள். 1950 களின் ஆரம்பம் ஆவதற்குள் சாளைக் கூட்டம் காணாமற் போய்விட்டது. மிதமிஞ்சிய மீன்பிடியும் கடல் நிலையில் ஏற்பட்ட மாற்றமும் சேர்ந்து அதைச் செய்தன. அந்தத் தெருவில் ஆய்வுகூடம் வைத்திருந்த எட் ரிக்கெட்ஸ் என்ற உயிரியலாளரிடம், சாளை எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டபோது, டின்களுக்குள்ளேதான் இருக்கிறது என்று அவர் பதில் சொன்னதாகக் கூறுவார்கள். ஹொவ்டன் ஆலை 1973 இல் மூடப்பட்டது.

அந்த ஆலை இருந்த அதே இடத்தில்தான் 1984 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் திகதி மொன்டெரே குடா மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. கணினித் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டிய டேவிட் பெக்கார்டும் அவரது மனைவி லூசிலும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். ஆலையின் பழைய கொதிகலன்களை உள்ளே அப்படியே வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து எடுத்து எடுத்தே தீர்த்துவிட்ட ஓர் இடம், கடலைப் பார்த்துக் கொள்ளும் இடமாக மாறியது. வருடத்துக்கு ஏறத்தாழ 20 இலட்சம் பேர் அங்கே வருகிறார்கள்.

கடல் வந்து போகும் குழாய்

பின்வாசலால் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது பம்புகளின் இரைச்சல். மீனுக்கு நீர்தான் காற்று, நீர்தான் வீடு, நீர்தான் மலசலகூடமும். எனவே பின்புற வேலையில் பெரும் பங்கு மீனைப் பார்ப்பதல்ல, நீரைப் பார்ப்பது.

இந்தக் காட்சிச்சாலை நேரடியாகக் குடாக் கடலிலிருந்தே நீரை இழுக்கின்றது. நிமிடத்துக்குச் சுமார் 7,500 லீற்றர் வரை உள்ளே வர முடியும். இதில் நம்மை வியக்க வைக்கும் ஓர் ஏற்பாடு இருக்கின்றது. பகலில் மக்கள் பார்க்க வரும் நேரத்தில் நீரை மணல் வடிகட்டிகளால் வடித்துத் தெளிந்த நீராகத் தொட்டிக்குள் விடுகிறார்கள். இரவில் எல்லோரும் போன பிறகு வடிகட்டாத கடல் நீரை அப்படியே விடுகிறார்கள். அந்தக் கலங்கிய நீரோடு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும், பாசியின் வித்துகளும், சிப்பி நண்டுகளின் குஞ்சுகளும் வருகின்றன. பாறையில் ஒட்டி வாழும் உயிரினங்களுக்கு அதுவே இராச் சாப்பாடு. யாரும் கொண்டு வந்து வைக்காத எத்தனையோ உயிர்கள் இந்த வழியாகத் தாமாகவே வந்து குடியேறி, அந்தத் தொட்டிகளில் வளர்கின்றன. றிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே; மனிதன் செய்வது குழாயைத் திறந்து விடுவது மட்டுந்தான் என்பதை அந்தப் பம்பு அறை சொல்லாமல் சொல்லுகின்றது.

பகலில் மக்கள் காண்பது அழகான தெளிந்த நீர். உயிர் வளர்வது இரவில் வரும் கலங்கிய நீரால். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

அலையும் காடும்

மூன்று மாடி உயரம் எனச் சொல்லத் தக்க ஒரு தொட்டி அங்கே இருக்கின்றது. உயரம் சுமார் 8 1/2 மீற்றர். கொள்ளும் நீர் பன்னிரண்டரை இலட்சம் லீற்றருக்கும் சற்று அதிகம். அதற்குள் கெல்ப் என்னும் இராட்சதக் கடற்பாசி மரங்கள் போல நிமிர்ந்து நிற்கின்றது. உயிருள்ள கெல்ப் காடு ஒன்றைக் காட்சிச்சாலைக்குள் முதன்முதலில் வளர்த்தவர்கள் இவர்களே.

இந்தக் கெல்ப்புக்கு மண்ணில் உணவு தேடும் வேர் கிடையாது. தன் இலைகளைத் தொட்டுச் செல்லும் நீரிலிருந்தே சத்தை எடுத்துக் கொள்கின்றது. நீர் அசையாமல் நின்றால் அது பட்டினி கிடந்து அழுகிவிடும். ஆகவே நீரை ஓயாது முன்னும் பின்னும் தள்ளி அலை உண்டாக்கும் ஓர் இயந்திரத்தைத் தொட்டியின் மேற்பகுதியில் மறைவாக வைத்தார்கள். அதை வடிவமைத்தவர் பணம் கொடுத்த டேவிட் பெக்கார்டே. அவர் அடிப்படையில் ஒரு பொறியியலாளர். தொட்டியின் மேற்பகுதி திறந்திருப்பதால் சூரிய வெளிச்சமும் நேரே விழுகின்றது. நாளொன்றுக்குச் சுமார் 10 சென்ரி மீற்றர் வரை கெல்ப் வளர்வதால், சுழியோடிகள் இறங்கி அதைக் கத்தரிக்கிறார்கள். கண்ணாடியில் படரும் பாசியைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். இவர்களில் பெருந்தொகையானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

சொறி மீன்கள் இருக்கும் தொட்டிகளுக்கு இன்னொரு விதமான கவனிப்பு. சொறி மீனின் உடல் ஏறத்தாழ முழுவதும் நீரே. மூலையுள்ள தொட்டியில் விட்டால் மூலையில் ஒதுங்கிக் கிழிந்து போகும். ஆகவே வட்டமான தொட்டி செய்து, நீர் மெதுவாகச் சுழன்று கொண்டேயிருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். முன்னால் நிற்பவருக்கு நீல நிறப் பின்னணியில் அது பூப்போல மிதக்கும். பின்னாலோ வரிசை வரிசையாகச் சிறு பாத்திரங்கள். அவற்றில் சொறி மீனின் குழந்தைப் பருவம் கடுகளவில் ஒட்டிக் கொண்டிருக்கும். அவற்றுக்கு வேளை தவறாது உணவு கொடுத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆழ்கடல் உயிரினங்களுக்காக 2022 ஆம் ஆண்டில் ஒரு புதிய பகுதி திறக்கப்பட்டது. அவை வாழும் ஆழத்தில் ஒட்சிசன் மிகக் குறைவு. ஆகவே அங்கே நீரிலிருந்து ஒட்சிசனை நீக்கிக் கொடுக்கிறார்கள்! நமக்கு நன்மையானது எல்லா உயிருக்கும் நன்மையானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவை நிர்ணயித்தவன் அல்லாஹ். வைத்திருப்பவர் அந்த அளவை அறிந்திருக்க வேண்டும்.

அவர்களின் குசினி

இனி, உங்களுக்குப் பழக்கமான இடத்துக்கு வருவோம். பின்புறத்தில் ஒரு குசினி இருக்கின்றது. குளிர் அறை, கழுவும் தொட்டி, வெட்டும் பலகை, கத்தி, தராசு, பெயர் எழுதிய வாளிகள். கணவாய், இறால், மட்டி, சாளை, நெத்தலி என்று மனிதர் உண்ணக் கூடிய தரத்தில் வாங்கி, உருகவிட்டு, கழுவி, ஒவ்வொரு உயிரினத்தின் வாய்க்கு ஏற்ற அளவில் நறுக்குகிறார்கள். உறைந்த மீனில் குறைந்து போகும் சத்துகளை ஈடு செய்ய விற்றமின்களையும் சேர்க்கிறார்கள். கசப்பு மருந்தைப் பழத்துக்குள் மறைத்துப் பிள்ளைக்கு ஊட்டும் உம்மாவுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது.

45 இலட்சம் லீற்றர் கொள்ளும் ஒரு பெருந்தொட்டியில் சூரை மீன்களும், சாளைக் கூட்டமும், சூரிய மீன் எனப்படும் தட்டையான பெரிய மீனும் ஒன்றாக நீந்துகின்றன. வேகமான சூரை எல்லாவற்றையும் கௌவிக் கொண்டு போய்விடும். மெதுவான சூரிய மீன் பட்டினி கிடக்கும். ஆகவே ஓர் அடையாளத்தை நீரில் காட்டினால் அதனருகே வந்து தன் பங்கை வாங்கிக் கொள்ளும்படி சூரிய மீனைப் பழக்கியிருக்கிறார்கள். பல பிள்ளைகள் உள்ள வீட்டில் வாய் பேசாத பிள்ளையின் தட்டை முதலில் நிரப்பி வைப்பீர்கள் அல்லவா, அதுபோல.

அங்கே 26 கிலோ எடையில் வந்த ஒரு சூரிய மீன் 15 மாதங்களில் 399 கிலோவாக வளர்ந்தது என்பது பதிவாகியிருக்கும் ஒரு செய்தி. இப்படிப் பெருத்துத் தொட்டிக்கு அடங்காத நிலை வரும் சூரிய மீன்களைத் திரும்பக் கடலில் விட்டு விடுவது அவர்களது வழக்கம்.

கொரோனாத் தொற்றின்போது 2020 மார்ச் மாதத்தில் இந்தக் காட்சிச்சாலை மூடப்பட்டது. 2021 மே மாதம்தான் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாகப் பார்வையாளர் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் குசினி ஒரு நாள்கூட மூடவில்லை, மூடவும் முடியாது. பார்ப்பவர் இல்லாதபோதும் செய்யப்பட்ட அந்த வேலையே அமானிதம் என்பதன் பொருளைக் காட்டுகின்றது. நம் வீடுகளில் எல்லோரும் உறங்கும்போது ஸஹருக்கு எழுந்து அடுப்பு மூட்டும் பெண்களின் வேலையும் அப்படித்தான். சாப்பிடுபவர்கள் உணவைக் காண்கிறார்கள். அந்த நேரத்து அடுப்பைக் காண்பவன் அல்லாஹ் மட்டுமே.

செவிலித் தாய்

இந்த இடத்தின் பின்புறத்தில் பொதுமக்களை ஒருபோதும் அனுமதிக்காத ஒரு பகுதி உண்டு. அங்கே கடல் நீர்நாய்க் குட்டிகள் வளர்கின்றன. பெயரில் நாய் என்று இருந்தாலும் இது நாயினமல்ல. மரநாய், கீரி போல நீண்ட உடலுள்ள வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்க் கடலில் வாழும் மற்றப் பிராணிகளைப் போல இதற்குத் தோலின் கீழ் கொழுப்புப் படை இல்லை. அடர்ந்த உரோமமே இதன் போர்வை. அந்த உரோமமே இதற்கு ஆபத்தாகவும் வந்தது. உரோமத்துக்காக வேட்டையாடி, கலிபோர்னியாக் கரையில் இருந்தவற்றை ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள். 1911 இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை அதைப் பாதுகாத்தது. எஞ்சியிருந்த சுமார் ஐம்பதிலிருந்து பெருகி, இன்று ஏறத்தாழ மூவாயிரம் என்ற அளவில் இருக்கின்றன.

தாய் நீர்நாய் மல்லாந்து மிதந்தபடி குட்டியை நெஞ்சில் வைத்துக் கொள்ளும். ஓயாமல் அதன் உரோமத்தைக் கோதிக் காற்றை நிரப்பிக் கொண்டிருக்கும். இரை தேடி மூழ்கும்போது குட்டி அலையில் அடித்துப் போகாதபடி கெல்ப்பைச் சுற்றிவிட்டுப் போகும். ஆறு மாத காலம் இந்த வளர்ப்பு. புயலிலோ நோயிலோ தாயைப் பிரிந்த குட்டி கரையொதுங்கினால் அதற்குத் தனியே பிழைக்கத் தெரியாது.

1984 இலிருந்தே இத்தகைய அநாதைக் குட்டிகளை இங்கே எடுத்து வளர்த்தார்கள். ஆரம்பத்தில் மனிதரே தாயாக இருந்தார்கள். ஊட்டினார்கள், உரோமம் சீவினார்கள், கடலில் கூடவே நீந்தி இரை எடுக்கக் கற்றுக் கொடுத்தார்கள். அன்பில் குறையில்லை. ஆனால் அந்த அன்பே தடையாயிற்று. வளர்ந்து கடலுக்குப் போன குட்டிகள் மனிதரைத் தேடி வந்தன; படகுகளில் ஏறப் பார்த்தன. காட்டு வாழ்க்கை அவற்றுக்குப் பிடிபடவில்லை.

2001 ஆம் ஆண்டில், நோயுற்ற ஒரு கர்ப்பிணி நீர்நாய் கரையொதுங்கியது. பூனையின் மலத்தின் வழியாக நிலத்திலிருந்து கடலுக்குச் சேரும் ஒட்டுண்ணி ஒன்றே அதன் வலிப்புக்குக் காரணம் என்று கருதினார்கள். அதற்குப் பிறந்த குட்டி இறந்தே பிறந்தது. அதே காலத்தில் தாயில்லாத ஒரு குட்டியும் கொண்டு வரப்பட்டது. பிள்ளையை இழந்த தாயிடம் தாயை இழந்த பிள்ளையை விட்டுப் பார்த்தார்கள். அது அணைத்துக் கொண்டது! தூலா என்று பெயரிடப்பட்ட அந்த நீர்நாய், 2012 இல் இறக்கும் வரை 13 அநாதைக் குட்டிகளை வளர்த்துக் கொடுத்தது. நோயின் காரணமாகத் தான் மட்டும் கடலுக்குத் திரும்ப முடியாத ஒரு தாய், பிறர் பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பி வைத்தது. செவிலித் தாயான ஹலீமா ஸஃதிய்யா (ரலி) அவர்களின் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் நமக்கு இதன் அருமை விளங்காமற் போகாது.

அதன் பின் பராமரிப்பு முறையே மாறியது. குட்டியின் அருகே மனிதர் போக வேண்டி வந்தால், உருவம் தெரியாத கருமையான போர்வையைப் போட்டு, உலோக ஒட்டுவேலை செய்வோர் அணியும் முகமறைப்பால் முகத்தையும் மறைத்துக் கொண்டு போகிறார்கள். குட்டி மனிதனை மனிதனாக அடையாளம் கண்டு பழகிவிடக் கூடாது என்பதற்காக! தான் வளர்த்த பிள்ளை தன் முகத்தையே அறியாமல் போக வேண்டும் என்று உழைப்பது எத்தகைய அன்பு என்பதைத் தாய்மார்களாகிய நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

பலன் வீணாகவில்லை. 2002 முதல் 2016 வரை இவ்வாறு வளர்க்கப்பட்ட 37 நீர்நாய்கள் அருகிலுள்ள எல்க்ஹோர்ன் ஸ்லூ என்னும் களப்பில் விடப்பட்டன. அந்தக் காலத்தில் அங்கே ஏற்பட்ட பெருக்கத்தில் பாதிக்கு மேல் இவையும் இவற்றின் சந்ததியுமே என்று 2019 இல் வெளியான ஆய்வு காட்டியது. கரையைத் துளைக்கும் நண்டுகளை இவை தின்பதால் அந்தச் சதுப்பு நிலத்தின் அரிப்பும் குறைந்திருப்பதாக 2024 இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. மனிதருக்குப் பழகிப் போய்க் கடலில் பிழைக்க முடியாதவை என்று முடிவானவை மட்டுமே முன்னாலுள்ள கண்ணாடித் தொட்டியில் இருக்கின்றன.

விட்டு விடும் நேரம்

எல்லாமே வெற்றிக் கதை என்று எண்ணி விடாதீர்கள். பெரும் வெள்ளைச் சுறாவை நீண்ட காலம் உயிரோடு வைத்திருக்க உலகில் எவராலும் முடியாதிருந்தது. அது உண்ண மறுக்கும், சுவரில் மோதும், சில நாட்களில் செத்துவிடும். 2004 செப்டெம்பரில் மொன்டெரேயில் ஓர் இளம் பெண் சுறாவை அந்தப் பெருந்தொட்டியில் விட்டார்கள். அது உண்டது, வளர்ந்தது. அதைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டார்கள். 198 நாட்களின் பின், அதே தொட்டியிலிருந்த வேறு இரண்டு சுறாக்களை அது கொன்றுவிட்டபடியால், 2005 மார்ச் இறுதியில் கடலில் விடப்பட்டது. கூட்டமும் வருமானமும் அதனால் வந்து கொண்டிருந்தபோதே அதை அனுப்பினார்கள்.

2011 வரை இவ்வாறு ஆறு வெள்ளைச் சுறாக்கள் அங்கே வைக்கப்பட்டன. கடைசியாக வைத்திருந்ததை 55 நாட்களின் பின் கடலில் விட்டார்கள். விட்ட சிறிது நேரத்திலேயே அது இறந்து போயிற்று. அதற்குப் பிறகு அங்கே வெள்ளைச் சுறா வைக்கப்படவில்லை.

பெருங்கடலில் ஆயிரக் கணக்கான கிலோ மீற்றர் அலைந்து திரியும் ஒரு படைப்பை மனிதரின் பார்வைக்காகச் சுவருக்குள் அடைக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. ஆராய்ச்சிக்கும் அறிவுக்கும் பயன்பட்டது என்பதும் உண்மை. ஓர் உயிர் போனது என்பதும் உண்மை. எல்லா உயிரையும் வைத்துப் பார்த்துக் கொள்ளும் ஆற்றல் நமக்கு இல்லை என்பதை அறிந்து கொள்வதும் பொறுப்பின் ஒரு பகுதியாகும்.

மார்க்கத்தின் அளவுகோல்

அப்படியானால் பிராணிகளை அடைத்து வளர்ப்பதே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு குருவி வைத்திருந்தார். அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவரிடம் அன்போடு குருவியைப் பற்றி விசாரித்தார்கள். குருவி வைத்திருந்ததை அவர்கள் தடுக்கவில்லை. இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பாடங்களை ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞரான இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். பறவையை வளர்ப்பது ஆகும் என்பதும் அவற்றில் ஒன்று.

ஆனால் நம் மத்ஹபின் ஃபிக்ஹ் கிதாபுகளில் நஃபகா, அதாவது செலவுக்குக் கொடுப்பது பற்றிய பாடத்தை எடுத்துப் பாருங்கள். மனைவிக்கும் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டியதைச் சொல்லி வந்து, அதே பாடத்தில் பிராணிகளின் உணவையும் நீரையும் சொல்லியிருப்பார்கள். உரிமையாளன் கொடுக்க மறுத்தால் அதிகாரத்தில் உள்ளவர் அவனை நிர்ப்பந்திக்க வேண்டும் என்பது சட்டம். பிராணிக்கு வாயில்லை, வழக்குப் பேச முடியாது. ஆகவே அதன் உரிமை சட்டமாக எழுதப்பட்டது.

மற்றொரு ஹதீஸ் அபூதாவூதில் இருக்கின்றது. ஒரு பிரயாணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை சிறகடித்துக் கொண்டு சுற்றியது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி பணித்தார்கள். உணவு, உரிய இடம், தேவையானபோது விடுதலை. இந்த மூன்றையும் தருபவருக்கே வைத்திருக்கும் அனுமதி என்பது விளங்குகிறதல்லவா?

நம் வீட்டுத் தொட்டி

மொன்டெரே தூரத்தில் இருக்கின்றது. ஆனால் நம்மில் எத்தனையோ வீடுகளின் முன்னறையில் ஒரு சிறிய கண்ணாடித் தொட்டி இருக்கின்றது. பிள்ளை அழுதான் என்று பெருநாள் காசில் இரண்டு தங்க மீன் வாங்கி, உருண்டைக் கண்ணாடிக்குள் விட்டு, ஒரு கிழமையில் செத்து மிதக்கும்போது தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குகிறோம். அது இயல்பான சாவு என்று நினைக்கிறோம். நன்றாகப் பார்த்துக் கொண்டால் தங்க மீன் பத்து வருடங்களுக்கு மேல் உயிர் வாழக் கூடியது என்பது பலருக்குத் தெரியாது.

மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு நீரில் கலக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத பக்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பெரிய காட்சிச்சாலையாயினும் சிறிய தொட்டியாயினும் உண்மையான துப்புரவுத் தொழிலாளர் இவைதான். புதிய தொட்டியில் இவை பெருகச் சில கிழமைகள் எடுக்கும். அதற்கு முன் நிறைய மீன்களை விட்டால் நஞ்சில் மாளும். ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

உருண்டைப் போத்தலை விட்டு, அகலமான தொட்டியும் காற்றுப் பம்பும் வடிகட்டியும் வையுங்கள்.

குழாய் நீரில் குளோரின் உண்டு. திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

எல்லா நீரையும் ஒரேயடியாக மாற்றாமல், கிழமைக்கு ஒரு முறை நான்கில் ஒரு பங்கை மாற்றுங்கள். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குழாய் நீரில் கழுவினால் அந்த நல்ல பக்றீரியாக்கள் செத்துவிடும்.

இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் உணவிடுங்கள். மிஞ்சியது அழுகி நஞ்சாகும்.

மின்சாரம் நின்றால் பம்பும் நின்றுவிடும். 2022 இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதே, நினைவிருக்கும். அந்நேரம் ஒரு கோப்பையால் நீரை அள்ளி அள்ளி ஊற்றினால் ஒட்சிசன் கலக்கும். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

ஒரு முக்கியமான விடயம். வளர்க்க முடியாது என்றால் ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டு விடாதீர்கள். அது விடுதலையல்ல. வேறு நாட்டு மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களை ஒழிக்கின்றன. டேங்க் கிளீனர் என்று நாம் அழைக்கும் மீன் அப்படித்தான் நம் ஆறு குளங்களில் பரவியது. நன்றாக வளர்க்கக் கூடிய ஒருவரிடம் ஒப்படைப்பதே அமானிதத்தை நிறைவேற்றும் வழி.

அன்புச் சகோதரிகளே! பூமியில் ஊரும் பிராணிகளும் சிறகால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை ஸூரத்துல் அன்ஆமின் 38 ஆவது வசனத்தில் காண்கின்றோம். கடலை நமக்கு வசப்படுத்தித் தந்திருப்பதாக ஸூரத்துன் நஹ்லின் 14 ஆவது வசனம் நினைவூட்டுகின்றது. வசப்படுத்தித் தந்தவன் ஒரு நாள் கணக்கும் கேட்பான். அன்று கண்ணாடியின் முன்பக்க அழகைப் பற்றிக் கேட்கப்படாது. பின்பக்கத்தில் உணவு இருந்ததா, நீர் இருந்ததா, முடியாதபோது உரிய வழியில் விட்டோமா என்றே கேட்கப்படும்.

அடுத்த முறை பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்து, "யார் உம்மா சாப்பாடு கொடுக்கிறது?" என்று கேட்டால், பஸ் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, நின்று பதில் சொல்லுங்கள். வாயில்லா ஜீவனின் பசியை நினைத்துப் பார்க்கும் பிள்ளை, நாளை உங்கள் முதுமையையும் நினைத்துப் பார்க்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் பொறுப்பில் இருக்கும் ஒவ்வோர் உயிரின் ஹக்கையும் நிறைவேற்றும் தௌபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.